செமஸ்டர் நடுவில் படிப்பை நிறுத்தினால் நிதியுதவி என்ன ஆகும்?

கேள்வி: என் மகள் நியூ ஜெர்ஸியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். உடல்நிலை சரியில்லாததால் இந்த செமஸ்டரைப் பாதியில் விட்டுவிட்டு, அடுத்த ஆகஸ்டில் திரும்பச் சேரலாம் என்று நினைக்கிறாள். பெல் கிரான்ட் என்ற அரசு உதவித்தொகையும் ஃபெடரல் கடனும் வாங்கியிருக்கிறாள். நாங்கள் கிரீன் கார்டு குடும்பம். வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டுமா? மறுபடி சேரும்போது உதவி கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். இடையில் நிறுத்தியவருக்கு இனி உதவி இல்லை என்று எந்த ஃபெடரல் விதியும் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும்போது குறுக்கே நிற்பது பெரும்பாலும் அரசாங்கக் கடன் அல்ல, கல்லூரியே அனுப்பும் பில். அது எப்படி வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஃபெடரல் உதவி செமஸ்டர் தொடக்கத்தில் மொத்தமாக வந்தாலும், அதில் மாணவருக்கு உரிய பங்கு நாள் கணக்கில்தான் சேர்கிறது. உங்கள் மகளின் செமஸ்டர் ஆகஸ்ட் 25 தொடங்கி டிசம்பர் 12 முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 110 நாள். நன்றி தெரிவிக்கும் நாளையொட்டி நவம்பர் 26 முதல் 30 வரை விடுமுறை. தொடர்ந்து 5 நாளோ அதற்கு மேலோ உள்ள விடுமுறையைக் கழிக்க வேண்டும் என்பதால் கணக்குக்கு 105 நாள். அக்டோபர் 5 அன்று நின்றால் 42 நாள் முடிந்திருக்கும், அதாவது 40 சதவீதம். அந்த அளவு உதவிதான் அவளுடையது. 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் முழு உதவியும் அவளுக்கே உரியது. இந்தக் கணக்கில் அந்த நாள் அக்டோபர் 27.

இப்போது பணத்தைப் போட்டுப் பார்ப்போம். இந்த செமஸ்டருக்கு பெல் கிரான்ட் 3,000 டாலர், வட்டிச் சலுகை உள்ள கடன் 2,250, சலுகை இல்லாத கடன் 1,000, ஆக 6,250. கல்லூரிக் கட்டணம் 5,500. மிச்சம் 750 டாலர் செலவுக்காக அவள் கைக்கு வந்திருக்கும். 40 சதவீதம் என்றால் 2,500 அவளுடையது, 3,750 திரும்பிப் போக வேண்டியது. இதில் கல்லூரியின் பங்கு, கட்டணத்தில் அதே மீதி 60 சதவீதமான 3,300. கல்லூரி அதை அரசுக்கு அனுப்பிவிடும். முதலில் சலுகையில்லாக் கடன், அடுத்து சலுகைக் கடன், கடைசியாக பெல் என்பதுதான் வரிசை. ஆக இந்த செமஸ்டரின் கடன் முழுக்கத் தீர்ந்து, பெல்லிலும் 50 டாலர் போகும். மாணவியின் பங்காக மீதி நிற்பது 450, அதுவும் கிரான்ட் பணம். கிரான்ட்டில் பாதிக்கு மேல் போகும் தொகையை மட்டுமே மாணவர் திருப்பித் தர வேண்டும் என்பதால் அவள் தர வேண்டியது எதுவும் இல்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்லூரி 5,500 கட்டணத்தை ஏற்கெனவே கணக்கில் ஏற்றிவிட்டது. அதைக் கட்ட வந்த பணத்தில் 3,300 திரும்பிப் போய்விட்டது. கல்லூரியின் சொந்த ரீஃபண்ட் விதி இதற்குத் தொடர்பே இல்லாதது, ஆறாவது வாரத்தில் பல கல்லூரிகள் ஒரு டாலர்கூடத் திருப்புவதில்லை. ஆகவே அந்த 3,300 அவள் பெயரில் பாக்கியாக வந்து நிற்கும். படிப்பு முடிந்த பிறகு மெதுவாகக் கட்டியிருக்கக்கூடிய அரசுக் கடன், உடனே கட்ட வேண்டிய கல்லூரிப் பாக்கியாக மாறிவிடுகிறது. கட்டாவிட்டால் அவள் கணக்கை முடக்கி ‘ஹோல்டு’ போடுவார்கள், அடுத்த ஆகஸ்டில் பாடங்களுக்குப் பதிவு செய்ய முடியாது. வசூல் ஏஜென்சிக்குப் போனால் இன்னும் மோசம். என் கருத்தில், நிறுத்துவதற்கு முன்பே கட்டணம் வாங்கும் பர்சர் அலுவலகத்தில் இந்தத் தொகையைக் கேட்டு வாங்கி, தவணைக்கு ஏற்பாடு செய்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான வேலை.

நோய் காரணம் என்பதால் ஃபெடரல் கணக்கில் சலுகை இல்லை. ஆனால் மருத்துவக் காரணத்துக்காக நிறுத்துபவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கும் விதி கல்லூரியிடம் இருக்கலாம், அதை டீன் அலுவலகத்தில் கேளுங்கள், டாக்டர் கடிதத்தோடு. இன்னும் மூன்று வாரம் தாக்குப்பிடித்தால் 60 சதவீதம் வந்துவிடுமே என்று கணக்குப் போடுவதும் தப்பில்லை, அவள் உடம்பு இடம் கொடுத்தால். சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்துவது மட்டும் வேண்டாம். எல்லாப் பாடத்திலும் எஃப் விழும், கல்லூரியும் அவள் பாதியில் நின்றதாக வைத்து இதே கணக்கைப் போடும். வருகைப் பதிவு எடுக்கக் கட்டாயமில்லாத கல்லூரிகளில், நிறுத்தப்போவதாக அவள் அலுவலகத்துக்குத் தெரிவித்த நாளே பொதுவாக விலகிய நாள். அதனால் மின்னஞ்சலிலும் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

‘லீவ் ஆஃப் ஆப்சென்ஸ்’ வாங்கிவிட்டால் தப்பிக்கலாமே என்று பலர் நினைக்கிறார்கள். ஃபெடரல் விதிப்படி அது செல்லுபடியாக 12 மாதத்துக்குள் 180 நாளைத் தாண்டக் கூடாது, செமஸ்டர் முறையில் படிப்பவர் விட்ட இடத்திலிருந்தே பாடத்தைத் தொடரவும் வேண்டும். வழக்கமான செமஸ்டர் படிப்பில் இது நடக்கிற காரியமில்லை. ஆகவே கல்லூரி லீவ் கொடுத்தாலும், நிதியுதவிக் கணக்கில் அவள் விலகியவள்தான். அந்த லீவால் வேறு லாபம் உண்டு, மறுபடி அட்மிஷனுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்காது.

அடுத்து, முதலாம் ஆண்டு வாங்கிய பழைய கடன். அவள் விலகிய நாளிலிருந்து 6 மாத கிரேஸ் பீரியட் (தவணை கட்ட வேண்டாத காலம்) ஓடத் தொடங்கும். அக்டோபர் 5 என்றால் ஏப்ரல் தொடக்கத்தில் அது தீர்ந்துவிடும், அவள் திரும்புவதோ ஆகஸ்டில். இடைப்பட்ட மாதங்களுக்குத் தவணை வரும். வருமானமே இல்லாதவருக்கு வருமானத்தை ஒட்டிய தவணைத் திட்டத்தில் மாதத் தவணை பூஜ்யமாகக்கூட இருக்கலாம், ஆனால் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆகஸ்டில் பாதி நேர மாணவியாகச் சேர்ந்தாலே தவணை நிற்கும். ஒருமுறை தீர்ந்த கிரேஸ் அந்தப் பழைய கடனுக்குத் திரும்ப வராது, பட்டம் வாங்கியதும் நேரே தவணைதான். உடம்பு தேறினால் வசந்த செமஸ்டரில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் 6 கிரெடிட் எடுப்பது நல்ல வழி. 6 மாதம் முடிவதற்குள் பாதி நேரமாவது சேர்ந்துவிட்டால் கிரேஸ் முழுதாக மிஞ்சும். நீங்கள் பேரன்ட் பிளஸ் கடன் (பெற்றோர் பெயரில் வாங்கும் ஃபெடரல் கடன்) வாங்கித் தவணையைத் தள்ளிவைத்திருந்தால், அதற்கும் இதே 6 மாதம் ஓடும்.

திரும்பி வரும் ஆண்டுக்கு ஃபாஃப்சா என்ற ஃபெடரல் உதவி விண்ணப்பத்தைப் புதிதாக நிரப்ப வேண்டும். அது இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தைப் பார்க்கும். இந்தச் சிகிச்சையால் உங்கள் வருமானம் குறைந்தாலோ மருத்துவச் செலவு ஏறினாலோ, நிதியுதவி அலுவலகத்தில் மறுபரிசீலனை கேட்கலாம்.

அப்புறம், உதவி தொடரக் கல்லூரி பார்க்கும் படிப்பு முன்னேற்றக் கணக்கு. எடுத்த கிரெடிட்டில் சுமார் 67 சதவீதமாவது முடித்திருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் வைத்திருக்கின்றன. முதலாம் ஆண்டில் 30 எடுத்து 30ம் முடித்து, இந்த செமஸ்டரில் 15ம் டபிள்யூ (பாதியில் விலகியது) ஆனால், 45க்கு 30, அதாவது 66.67. வேலி மேல் நிற்கிறாள்! கல்லூரி 67 என்று எழுதியிருந்தால் விழுந்துவிடுவாள். அப்படியானால் அப்பீல் உண்டு, நோய் அதற்கு ஏற்கப்படும் காரணம். என்ன நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்ற இரண்டையும் எழுத வேண்டும். டாக்டர் கடிதத்தை இப்போதே வாங்கி வையுங்கள், ஒரு வருடம் கழித்து அலைய வேண்டாம்.

மாநில உதவிக்கும் கல்லூரியின் மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கும் விதிகள் தனித்தனி. இடைவெளி விட்டால் ரத்தாகும் மெரிட் பணமும் உண்டு, காப்பாற்றி வைக்கச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். படிப்புக்காக வரிச் சலுகையோடு சேமிக்கும் 529 கணக்கிலிருந்து கட்டி, கல்லூரி ஏதாவது திருப்பித் தந்தால், 60 நாளுக்குள் அதே கணக்கில் போட்டுவிட்டால் அதற்கு வரியும் அபராதமும் இல்லை.

எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஃபெடரல் உதவியே கிடையாது, அவர்கள் கவலைப்பட வேண்டியது விசா. சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதியோடு விலகினால் 15 நாளில் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும், 5 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாகப் புது ஐ-20 (விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம்) வேண்டும். நோய் என்றால் விலகுவதற்கு முன் அந்த அலுவலகத்தில் கேளுங்கள். டாக்டர் கடிதம் இருந்தால் பாடத்தைக் குறைத்துக்கொண்டோ முழுக்க நிறுத்திவிட்டோ, ஒரு பட்டநிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை, இங்கேயே இருந்து சிகிச்சை எடுக்க அனுமதி உண்டு.