சுமை குறைய – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு மரங்களுக்கு நடுவே ஹாமக் என்ற தொங்கும் துணிப் படுக்கையைக் கட்டித் தூங்குவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் எனக்கு இந்த ஆசை வந்தது. போன மாதம் மூன்று இரவுப் பயணம் ஒன்று போய்வந்தேன். பையின் எடை 18 கிலோ. இரண்டாம் நாள் இறக்கத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. இரவு அதைவிட மோசம். தடிமனான ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்தும் முதுகு சில்லிட்டுத் தூக்கமே வரவில்லை. அடுத்த முறை ஒரு கம்பளியும் கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன். அந்த எடையை ஈடுகட்ட, ஒரு கிலோவுக்கும் குறைவான, விலை அதிகமான பை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

கொண்டுபோனவை, கிலோ கணக்கில்: பை 2.4, ஸ்லீப்பிங் பேக் 1.9, ஹாமக் 0.6, அதைக் கட்டும் கயிறும் இரும்பு காரபினர்களும் (பூட்டும் கொக்கிகள்) 0.9, தார்ப்பாய் 1.2, உடைகள் 2.8, அடுப்பும் பாத்திரமும் 1.1, கைக்கோடரி, விளக்கு, மடக்கு நாற்காலி முதலிய சில்லறைச் சாமான்கள் 2.3. தண்ணீர் 3 லிட்டர். மீதி உணவு.

கே.

அன்புள்ள கே,

பையை இப்போது வாங்காதீர்கள். ஒரு கிலோவுக்குக் குறைவான பைகள் பலவற்றில் முதுகைத் தாங்கும் சட்டகம் இருக்காது, இடுப்புப் பட்டையும் மெலிதாக இருக்கும். அதில் 18 கிலோவை ஏற்றினால் எடை முழுவதும் தோளில் இறங்கும். உள்ளே போகும் பொருள் குறைந்த பிறகு, அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டுப் பையை வாங்குவதுதான் முறை. பை கடைசியில்.

உங்கள் பட்டியலில் உணவையும் தண்ணீரையும் கழித்தால் 13.2 கிலோ வருகிறது. இதை அடிப்படை எடை என்பார்கள். சுமார் 9 கிலோவுக்குள் இருந்தால் இலகு, 4.5 கிலோவுக்குள் இருந்தால் மிக இலகு என்று நடப்பவர்களிடையே ஒரு கணக்கு உண்டு. அந்த 4.5ஐத் துரத்த வேண்டாம். எட்டு கிலோ பக்கம் வந்தாலே உங்கள் நடை மாறிவிடும்.

முதலில் குளிர். நீங்கள் குளிர்ந்தது மேலே போர்த்தியது போதாமல் அல்ல. ஸ்லீப்பிங் பேக்கைச் சூடாக வைத்திருப்பது அதன் பஞ்சோ இறகோ பிடித்து வைத்திருக்கும் காற்றுதான். நீங்கள் அதன்மேல் படுத்ததும் முதுகுக்கு அடியில் இருக்கும் பகுதி அப்பளமாக நசுங்கிவிடுகிறது, காற்று போய்விடுகிறது. தரையில் படுத்தால் கீழே பாய் இருக்கும். ஹாமக்கில் உங்களுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே ஒரு மெல்லிய துணி மட்டும்தான். இரவு முழுக்க அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். இந்த நிலையில் இன்னும் இரண்டு கம்பளி போர்த்தினாலும் முதுகு குளிரும்.

இதற்கு வழி அண்டர்குயில்ட். ஹாமக்குக்கு வெளியே, அடியில் தொங்கும் ஒரு மெத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எடை அதன்மேல் விழாததால் அது நசுங்குவதில்லை. ஆனால் ஹாமக்கை ஒட்டினாற்போலத் தொங்க வேண்டும், இடைவெளி விழுந்தால் அதன் வழியாகக் காற்று புகுந்துவிடும். அடி பார்த்துக்கொள்ளப்பட்டதும், ஸ்லீப்பிங் பேக்கின் நசுங்கும் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை. முதுகுப்பக்கம் இல்லாத போர்வைக் குயில்ட் போதும். மிதமான குளிருக்கு இறகு அடைத்த இவை இரண்டும் சேர்ந்தே 1.4 கிலோவுக்குள் அடங்கும். கம்பளி வேண்டாம், ஸ்லீப்பிங் பேக்கும் வேண்டாம். உடனே செலவு செய்ய முடியாவிட்டால் சுமார் 400 கிராம் எடையுள்ள ஃபோம் பாயை ஹாமக்குக்குள் விரித்துக்கொள்ளுங்கள். இரவில் கொஞ்சம் நழுவும், ஆனால் முதுகு குளிராது.

அடுத்து அந்த 900 கிராம் கயிறும் இரும்பும். இவ்வளவு கனமாக எடுத்துப்போயிருப்பதைப் பார்த்தால், நீங்கள் ஹாமக்கை விறைப்பாக இழுத்துக் கட்டுகிறீர்கள் என்று தோன்றுகிறது. தொய்ந்தால் முதுகு வளையும் என்ற பயம் எல்லோருக்கும் வருவதுதான். கணக்கைப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது, இரண்டு பக்கக் கயிறும் கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொரு கயிற்றின் மீதும் விழும் இழுவிசை 70 கிலோ. சாய்வு 10 பாகையானால் அது 200 கிலோ. 5 பாகையானால் 400. விறைப்பாகக் கட்ட ஆரம்பித்ததும் தடித்த கயிறும் இரும்புக் கொக்கியும் தேவைப்பட்டுவிடுகின்றன. மரமும் பாவம்.

30 பாகையை அளக்கக் கருவி வேண்டாம். கட்டைவிரலை நேரே மேலே நிமிர்த்தி, சுட்டுவிரலை மரத்தைப் பார்த்துப் படுக்கையாக நீட்டுங்கள். ஒரு விரல்நுனியிலிருந்து மற்ற விரல்நுனிக்குப் போகும் சாய்வான கோட்டை ஒட்டிக் கயிறு போனால் ஏறக்குறைய சரி. அப்படிக் கட்டி, ஹாமக்கின் இரு முனைகளுக்கும் இடையே ரிட்ஜ்லைன் என்ற மெல்லிய கயிற்றையும் போட்டுவிடுங்கள், தொய்வு மாறாமல் இருக்கும். அந்தக் கயிற்றின் நீளம் ஹாமக்கின் நீளத்தில் 83 சதவீதம் என்பது பலருக்கும் ஒத்துவரும் அளவு. 3.3 மீட்டர் ஹாமக் என்றால் 2.75 மீட்டருக்குச் சற்றே குறைவு. அப்புறம் நேராகப் படுக்காமல் குறுக்குவாட்டில், கால் ஒரு பக்கமும் தலை மறுபக்கமுமாகப் படுங்கள். முதுகு நேராகிவிடும். தொய்வு இருந்தால்தான் இப்படிப் படுக்க முடியும். மரத்தைச் சுற்ற இரண்டரை சென்டிமீட்டர் அகலப் பாலியெஸ்டர் நாடா, அதிலிருந்து ஹாமக்குக்கு டைனீமா என்ற உறுதியான செயற்கை இழையில் செய்த மெல்லிய கயிறு. மொத்தம் 200 கிராம். அகலமான நாடா மரப்பட்டையை அறுக்காது, அதில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

பட்டியலில் நான் கைவைக்காத பொருள் தார்ப்பாய். ஒருமுறை எடைக்காக நான் சின்னதாக ஒன்றைக் கொண்டுபோனேன். ஹாமக்கின் முனைகளைத் தாண்டி ஒரு சாண்கூட அது நீளவில்லை. நள்ளிரவில் காற்றோடு மழை. தார்ப்பாய்க்கு வெளியே நாடாவில் விழுந்த தண்ணீர், நாடா வழியாகவே வழிந்து ஹாமக்குக்குள் வந்தது. கையால் தடவிப் பார்த்தபோது அண்டர்குயில்டின் இறகெல்லாம் ஈரத்தில் உருண்டு, சின்னச் சின்னக் கட்டிகளாக அதன் தையல் அறைகளின் மூலையில் கிடந்தது. விடியும்வரை உட்கார்ந்து நடுங்கினேன். மிச்சம் பிடித்தது 250 கிராம். அதற்குப் பிறகு, தார்ப்பாய்க்குள் வரும் நாடாவில் இரு பக்கமும் ஒரு சாண் பருத்தி நூலை முடிந்து தொங்கவிடுகிறேன். வழிந்து வரும் தண்ணீர் நூலில் இறங்கிச் சொட்டிவிடும். நூலுக்கு எடையே இல்லை, ஆனால் அது எவ்வளவு பெரிய காரியம் செய்கிறது!

மற்றவை சுருக்கமாக. கைக்கோடரியும் நாற்காலியும் வீட்டிலேயே இருக்கட்டும். ஹாமக்கே நாற்காலிதான். உடைகளில் நடக்க ஒன்று, தூங்க உலர்ந்த ஒன்று, குளிருக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, கூட இரண்டு ஜோடி காலுறை: 1.3 கிலோ. பாத்திரம் ஒன்று போதும். வழியில் ஓடைகள் இருந்தால் மூன்று லிட்டர் சுமக்காதீர்கள். ஓடையில் வடிகட்டி வயிறு நிறையக் குடித்துவிட்டு ஒரு லிட்டரோடு கிளம்புங்கள். அடுத்த ஓடை வற்றியிருக்காது என்று தெரிந்தால் மட்டும். முதலுதவி, விளக்கு, வரைபடம் இவற்றில் கைவைக்க வேண்டாம். சில்லறை 0.7, சமையல் 0.5 என்று வைத்தால், உங்கள் பழைய பையோடேயே அடிப்படை எடை 8.3 கிலோ. உணவும் தண்ணீரும் சேர்த்து 11 கிலோ சொச்சம்.

எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1955இல், 67 வயதில், அப்பலாச்சியன் பாதையின் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தைத் தனியாக நடந்து முடித்தார். தானே தைத்த ஒரு டெனிம் பை, கேன்வாஸ் காலணி, மழைக்குக் குளியலறைத் திரை, இப்படித்தான் இருந்தன அவர் சாமான்கள். அவரைப் போல எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். பல இரவுகள் வழியிலிருந்த மனிதர்கள் அவருக்கு இடம் கொடுத்தார்கள். ஆனால் பையின் விலை யாரையும் நடக்க வைப்பதில்லை என்று எனக்குத் தோன்றும்போதெல்லாம் அவர் நினைவுதான் வருகிறது.

அடுத்த பயணம் முடிந்து வந்ததும் பையைத் தரையில் கொட்டி மூன்று குவியலாகப் பிரியுங்கள்: தினமும் எடுத்தது, ஒருமுறை எடுத்தது, தொடாதது. முதலுதவியும் மழையாடையும் தொடப்படாமல் இருந்தால் சந்தோஷம், அவை மறுபடியும் வரும். மற்றதை எழுதி எனக்கு அனுப்புங்கள்.

முழங்காலைப் பற்றி ஒன்று. இறக்கத்தில் இரண்டு கைத்தடிகள் நன்றாகக் கைகொடுக்கும். ஆனால் சுமையில்லாமல் படி இறங்கும்போதும் வலி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், இந்தக் கணக்கையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை பயணம் வேண்டாம்.