டிராக்கில் ஓட்டும்போது ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் சூடேறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ரோட்டில் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் வெப்பநிலை முள் அசைவதில்லை, டிராக்கில் நாலைந்து சுற்று போனால் தண்ணீர் கொதிக்கிறது, பெரிய அலுமினிய ரேடியேட்டர் வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியாகலாம். ஆனால் அதை இப்போதே வாங்காதீர்கள். இருக்கிற ரேடியேட்டருக்குள் காற்று ஒழுங்காகப் போகிறதா என்பதை முதலில் பாருங்கள். இதைத் தெரிந்துகொள்வதற்குள் எனக்கு ஒரு ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போனது. வளைந்த சிலிண்டர் ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தவும் வேண்டியிருந்தது.

நான் திருச்சிக்காரன். பதினோரு வருடமாக மிட்ராண்டில் இருக்கிறேன், ஜோகன்னஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் நடுவே. கயலாமி டிராக் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பெயருக்கு சூலு மொழியில் ‘என் வீடு’ என்று பொருள். 1961-இல் திறந்த டிராக், இப்போதைய வடிவத்தில் ஒரு சுற்று 4.522 கிலோமீட்டர். என்னிடம் இருப்பது இரண்டாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) கிடையாது. பழைய கார்தான். ஆனால் அதை ஓட்டும் சந்தோஷத்துக்கு ஈடாக வேறொன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

முதலில் ரோட்டுக்கும் டிராக்குக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் சீராக மணிக்கு 120 கிலோமீட்டரில் போகும் சின்னக் காருக்கு 20 கிலோவாட் அளவு சக்தி போதும். அதே எஞ்சின் டிராக்கில் பெரும்பாலான நேரம் முழு ஆக்ஸிலரேட்டரில் நூறு கிலோவாட் அளவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே போய்விடும். மிச்சத்தில் பெரும்பகுதியை எஞ்சினுக்குள் ஓடும் கூலன்ட்தான் (குளிர்விக்கும் தண்ணீர்க் கலவை) சுமக்க வேண்டும். ஆக, டிராக்கில் உங்கள் ரேடியேட்டர் ரோட்டில் செய்வதைப் போல நாலைந்து மடங்கு வேலை செய்கிறது. ரோட்டில் தெரியாத சின்னச் சின்னக் குறைகள் எல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

என் கதைக்கு வருகிறேன். ஒரு கோடையில், டிராக் டேக்கு (சொந்தக் காரை டிராக்கில் ஓட்டவிடும் நாள்) முந்தைய வாரம், ஆயில் மாற்ற ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். “டிராக்குக்கா போறீங்க? தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் குளுமையாக ஓடும்” என்றார்கள். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் வால்வு அது. நானும் சரி என்றேன். அந்த வார இறுதியில் ஸ்வார்ட்கோப்ஸ் போனேன், பிரிட்டோரியா பக்கம் இருக்கும் சின்ன டிராக். வளைவுகள் அடுத்தடுத்து வரும், வேகம் குறைவு, அதனால் காற்றும் குறைவு. ஆறாவது சுற்றில்தான் முள் நகர்ந்தது. நகர்ந்த வேகத்தில் சிவப்பைத் தொட்டது. பிட்டுக்குள் (டிராக் ஓரத்தில் கார் நிறுத்தும் இடம்) வருவதற்குள் பானெட் ஓரமெல்லாம் ஆவி.

இதில் எனக்குத் தெரியாமல் போனது ஒன்று உண்டு. இந்தத் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் டேஷ்போர்டு முள் உண்மையான வெப்பநிலையை அப்படியே காட்டாது. சாதாரண ஓட்டுநர் பதறக்கூடாது என்று, ஒரு பெரிய இடைவெளி முழுக்க நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். இன்னும் பல கார்களிலும் இப்படித்தான். அது நகரும்போது எஞ்சின் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கும். எனவே நீங்கள் செலவழிக்கும் முதல் பணம் ஒரு நல்ல டிஜிட்டல் மீட்டருக்குப் போகட்டும். சென்சாரை, ஹெட்டிலிருந்து சூடான தண்ணீர் வெளியேறும் இடத்தில் வையுங்கள். காரில் ஓபிடி இணைப்பு (கார் கணினியின் தகவலைப் படிக்கும் சாக்கெட்) இருந்தால் போன் செயலியிலேயே எண்ணைப் பார்க்கலாம். எண் தெரியாமல் செய்யும் எந்த மாற்றமும் குருட்டு வைத்தியம்.

கேஸ்கெட் வேலை முடிந்த பிறகு டர்பனிலிருந்து மாமனார் வந்திருந்தார். சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்து, நாற்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவர். இளம் வயதில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ராய் ஹெஸ்கத் டிராக்கில் பந்தயம் பார்க்கப் போவாராம். 1981-இல் அது மூடப்பட்டதை இன்னும் வருத்தத்தோடுதான் சொல்வார். வீட்டில் பாட்டியிடம் கற்ற தமிழ் அவருடையது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கராஜ் விளக்கை அணைக்கச் சொன்னார். ஒரு பெரிய டார்ச்சை முன் பம்பர் வாய்க்குள் வைத்தார். பானெட்டைத் திறந்து, “வா மாப்பிள்ளை, இங்கே பாரு” என்றார்.

ரேடியேட்டரின் இரண்டு பக்கமும், மேலேயும், கீழேயும் வெளிச்சம் பட்டைப் பட்டையாக வந்துகொண்டிருந்தது. “வெளிச்சம் போற வழியெல்லாம் காத்தும் போகும். உன் ரேடியேட்டருக்குள்ளே போறதுக்கு அதுக்கென்ன தலையெழுத்தா?”

அப்புறம் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, முன்பக்கக் கீழ்த்தட்டு எங்கே என்று கேட்டார். ஆயில் மாற்றும்போது கழற்றியதைத் திருப்பி மாட்டவே இல்லை. பதினைந்து நிமிட வேலையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள், நானும் குனிந்து பார்க்கவில்லை.

அந்தத் தட்டு சேறு படாமல் இருக்க மட்டும் வைத்தது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. காற்று ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே போவதற்கு, முன்னால் அழுத்தம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருக்க வேண்டும். அந்த வித்தியாசம்தான் காற்றைத் தள்ளுகிறது. கீழ்த்தட்டு இல்லாவிட்டால் முன்னால் வரும் காற்று கீழே நழுவிவிடும். காருக்கு அடியில் ஓடும் காற்று மேலே ஏறி எஞ்சின் அறையை நிரப்பும். ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தம் கூடும். அப்புறம் முன்னால் வந்த காற்று ஓடையில் கல்லைச் சுற்றிப் போகும் தண்ணீர் போல, ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

மறுநாள் ஹார்டுவேர் கடையில் அலுமினியத் தகடும் குழாய்க்குச் சுற்றும் ஃபோமும் வாங்கிவந்தோம். பம்பர் வாயிலிருந்து ரேடியேட்டர் வரை இரண்டு பக்கமும் தகட்டை வளைத்துச் சுவர் மாதிரி அடைத்தோம். இடுக்குகளில் ஃபோம். பழைய இரும்புக் கடையில் கீழ்த்தட்டு கிடைத்தது. தெர்மோஸ்டாட் திரும்ப உள்ளே போனது. பம்பர் வாய்க்குக் குறுக்கே இருந்த நம்பர் பிளேட்டைச் சற்றுக் கீழே இறக்கினோம். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பூச்சி, புல், சிவப்பு மண், டயர் துணுக்கு எல்லாம் கம்பளி மாதிரி படிந்திருந்தது. அதை எஞ்சின் பக்கமிருந்து சாதாரணக் குழாய்த் தண்ணீரால் கழுவினோம். பிரஷர் வாஷர் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும். அன்றைக்குச் செலவான பணம் ஒரு முன் டயரின் விலைகூட இல்லை. அடுத்த முறை கயலாமியில் இருபது நிமிட செஷன் முழுக்க மீட்டர் நூறைத் தாண்டவில்லை.

தெர்மோஸ்டாட் பற்றி ஒரு வார்த்தை. அது முழுதாகத் திறந்த பிறகு அதனால் வரும் தடை சொற்பம். கழற்றுவதால் ரேடியேட்டரின் திறன் கூடாது. எஞ்சின் சூடாக நேரமெடுக்கும், சில எஞ்சின்களில் பைபாஸ் வழி மூடாமல் போய் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். குறைந்த டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் போட்டாலும் கொதிப்பு ஒரு சுற்று தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

பானெட்டின் பின் விளிம்பைத் தூக்கி வைத்தால் சூடு வெளியே போகும் என்று பலர் சொல்வார்கள். நின்றுகொண்டிருக்கும் காருக்கு அது உண்மை. ஓடும்போது கண்ணாடியின் அடிப்பகுதியில் அழுத்தம் அதிகம், அங்கிருந்து காற்று எஞ்சின் அறைக்குள்தான் வரும். காற்றை வெளியேற்றும் திறப்பு வைப்பதென்றால் பானெட்டின் முன்பாதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள்.

இங்கே ஹைவெல்ட் என்னும் உயர்ந்த பீடபூமியில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு விஷயம். கயலாமி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இங்கே 95 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி வெளிக்காற்றின் அழுத்தத்தோடு சேர்த்துத்தான் பிடிக்கும் என்பதால், 1.1 பார் அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் கடலோர டர்பனில் சுத்தத் தண்ணீருக்குக் கிடைக்கும் 122 டிகிரி கொதிநிலை இங்கே இரண்டு மூன்று டிகிரி குறையும். அதைவிடப் பெரிய விஷயம், காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவு. ரேடியேட்டர் வழியே அதே வேகத்தில் காற்று போனாலும் அது சுமக்கும் சூடு குறைவு. என் கார் போல டர்போ இல்லாத எஞ்சினுக்கு மூச்சும் அதே அளவு குறைகிறது, சக்தியும் சூடும் குறைகின்றன, கணக்கு ஓரளவு நேராகிவிடும். டர்போ கார்களுக்கு அந்தச் சலுகை இல்லை. இழந்த காற்றைப் பிடிக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழலும், உள்ளே போகும் காற்று இன்னும் சூடாகும், ரேடியேட்டருக்கோ அதே மெல்லிய காற்றுதான். கடலோர போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கத்து டெஸி டிராக்கில் தப்பித்த டர்போ கார் கயலாமியில் சூடேறினால் ஆச்சரியப்படாதீர்கள்.

கூலன்ட் விஷயத்தில் அதிகம் போட்டால் நல்லது என்று எண்ண வேண்டாம். ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.2 கிலோஜூல் வாங்கிக்கொள்ளும், அதில் பாதிக்குப் பாதி கிளைகால் (உறையாமல் தடுக்கும் திரவம்) கலந்தால் 3.4 அளவுதான். சூட்டைச் சுமக்கத் தண்ணீரே கெட்டி. ஆனால் வெறும் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும், ஜோகன்னஸ்பர்க்கின் ஜூன், ஜூலை இரவுகளில் உறையவும் கூடும். நான் கோடையில் கிளைகாலைக் குறைத்து, அரிப்புத் தடுப்பானோடு காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுகிறேன். குளிர்காலத்துக்கு முன் பழைய கலவைக்குத் திரும்பிவிடுவேன். கிளைகால் டிராக்கில் சிந்தினால் பின்னால் வருபவர் வழுக்கிவிடுவார் என்று சில இடங்களில் அதை அனுமதிப்பதில்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எதை ஊற்றினாலும் காரின் மூக்கை உயர்த்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றுங்கள். குமிழி நிற்கவே இல்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

ஆயிலை மறந்துவிடாதீர்கள். பிஸ்டனின் அடிப்பக்கம், பேரிங் இவற்றின் சூட்டை வாங்குவது ஆயில்தான். தண்ணீர் 98-இல் அமைதியாக இருக்கும்போதே ஆயில் 130-ஐத் தாண்டலாம், அப்போது அது நீர்த்துப்போய் அழுத்தம் இறங்கும். முடிந்தால் ஆயிலுக்கும் தனி சென்சார் வையுங்கள். 130-க்கு மேல் அடிக்கடி போனால் தெர்மோஸ்டாட் உள்ள ஆயில் கூலர் போடுங்கள். அதை ரேடியேட்டருக்கு நேர் முன்னால் மாட்டினால் ரேடியேட்டருக்குச் சூடான காற்றுதான் கிடைக்கும். பம்பரில் தனி வாய் இருந்தால் அங்கே வையுங்கள்.

ஓட்டும் முறையிலும் நிறைய இருக்கிறது. கயலாமியில் கிளப்ஹவுஸ் வளைவிலிருந்து லியூகோப் வரை ஏற்றம். அங்கே முன்னால் போகும் காரின் வாலைப் பிடித்தே போனால் உங்கள் ரேடியேட்டருக்கு அவர் விட்ட சூடான, கலைந்த காற்றுதான். அரைக் கார் அகலம் ஒதுங்கிப் போங்கள். எண் ஏறத் தொடங்கினால் ஆயிரம் ஆர்பிஎம் முன்னதாகவே கியர் மாற்றி ஒரு சுற்று ஓட்டுங்கள், இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஹீட்டரையும் அதன் ஃபேனையும் முழுதாகத் திறந்துவிட்டு பிட்டுக்குத் திரும்புங்கள். கால் வெந்தாலும் அது ஒரு சின்ன இரண்டாவது ரேடியேட்டர்.

செஷனின் கடைசிச் சுற்று மெதுவாக, பிரேக்கை அதிகம் தொடாமல். உள்ளே வந்ததும் எஞ்சினை உடனே அணைக்காதீர்கள். அணைத்தால் தண்ணீர் நின்றுவிடும், உலோகத்தில் இருக்கும் சூடு அப்படியே ஹெட்டுக்குள் ஏறும். டர்போ இருந்தால் அதன் பேரிங்கில் ஆயில் கரியாகும். பார்க்கிங்கில் இரண்டு மூன்று நிமிடம் மெல்ல உருட்டிவிட்டு, பானெட்டைத் திறந்து நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்க வேண்டாம். ஸ்வார்ட்கோப்ஸில் அன்று என் பக்கத்து பிட்டில் ஒருவர் திறந்தார், அவர் முன்கையைப் பார்த்தபோது எனக்கே வலித்தது.

எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: இந்த எஞ்சின் முதலில் 323 காரில் குறுக்குவாட்டில் இருந்த வகை. எம்எக்ஸ்-5-க்கு நீளவாட்டில் வைத்தபோது பின்பக்கத்தில் இடமில்லாமல், தண்ணீர் வெளியேறும் வாயையும் பம்ப் இருக்கும் முன்பக்கத்துக்கே கொண்டுவந்தார்கள். அதனால் நாலாவது சிலிண்டருக்கு ஓட்டம் குறைவு. அந்த வாயைப் பின்னால் மாற்றும் கிட் கிடைக்கிறது, டிராக்கில் அடிக்கடி ஓட்டினால் தகும்.

இத்தனைக்குப் பிறகும் எண் ஏறினால் அந்தப் பெரிய ரேடியேட்டரை வாங்குங்கள். ஒட்டும் டயர் போட்டுச் சுற்று நேரம் குறைந்த பிறகு நானும் வாங்கினேன். மாமா டர்பனிலிருந்து பஸ்ஸில் வந்து, அதன் நாலு பக்கமும் ஃபோம் ஒட்டி, ராத்திரி டார்ச் வைத்துப் பார்த்த பிறகுதான் பம்பரை மாட்டவிட்டார்.