சத்தம் போடாத பிள்ளை

கடிதம்: நானும் கணவரும் அடிக்கடி வாக்குவாதப்படுகிறோம், கை நீட்டியதில்லை. எட்டு வயது மகள் அந்த நேரம் பேசாமல் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கிவிடுவாள். ஐந்து வயது மகன் கத்துவான், கையில் கிடைத்ததை எறிவான். மகளுக்குப் பழகிவிட்டது, மகன்தான் பிரச்சினை. இப்போது சண்டை வேண்டாமென்று மூன்று நான்கு நாள் கதைக்காமலே இருந்துவிடுகிறோம். சரிதானே?
ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பழகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அந்தக் கொப்பியை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். ஒரே வரி இரண்டு தரம் வந்திருக்கிறதா? பென்சில் மறுபக்கம் தெரிய அழுந்தியிருக்கிறதா? உள்ளே இருக்கும் பதற்றம் அங்கே தெரியலாம்.

பயம் தட்டியதும் அட்ரினல் சுரப்பி கோர்ட்டிசோல் என்ற பதற்ற ஹோர்மோனை விடுகிறது. எச்சிலில் அளந்தால் அது உச்சத்துக்கு வருவது 20–30 நிமிடம் கழித்து. நீங்கள் அடங்கித் தேத்தண்ணி ஊற்றும்போது அவளுக்கு ஏறிக்கொண்டிருக்கும். அப்போது வாய்ப்பாடு கேட்டால் முழிப்பாள். அதற்கும் ஏச்சு விழும்.

அமெரிக்காவில் உளவியலாளர் பற்றிக் டேவிஸ் குழுவினர் இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் இதை அளந்தார்கள். பெற்றோர் மோதல் கடுமையான வீடுகளில் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்குக் கோர்ட்டிசோல் கூடுதலாக எழுந்தது. துணிந்து பாய்கிற பிள்ளைகளுக்கு மட்டுப்பட்டது. மட்டுப்படுவதும் நல்லதற்கல்ல. ஆனால் சத்தத்தை வைத்துப் பாதிப்பை அளக்க முடியாது என்பது தெளிவு.

மௌனம் சண்டையைக் குறைக்காது, நீட்டும். "அப்பாட்டச் சொல்லு, சோறு போட்டு வச்சிருக்கெண்டு" என்று அந்த நாட்களில் தூது போகிறவள் மகள்தானே? அதை இன்றே நிறுத்துங்கள். சண்டை தீர்ந்ததைப் பிள்ளை அறிந்தால் பதற்றம் இறங்குகிறது. அறைக்குள் பேசித் தீர்த்துவிட்டு வந்து சொன்னாலும் போதும். படுக்கப் போகுமுன் இருவரும் சேர்ந்து: "மகள், காசுக் கணக்கிலதான் சண்ட. உன்னால இல்ல. இப்பக் கதைச்சு முடிச்சிட்டம்." முடியாவிட்டால் "நாளைக்குக் கதைப்பம்" என்று உண்மையைச் சொல்லுங்கள். நடித்தால் கண்டுபிடித்துவிடுவாள். யார் பக்கம் சரி என்று மட்டும் கேட்காதீர்கள்.

மகனை உலுக்காமல் முற்றத்துக்குக் கூட்டிப்போய்ப் பத்து நிமிடம் பந்தடிக்க விடுங்கள். எறிந்ததைப் பொறுக்குவது அதன்பிறகு, அவனே.

பள்ளிக்கூட நாளில் மட்டும் காலை வயிற்றுவலி, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புதல், இவை இரண்டு வாரத்துக்கு மேல் போனால் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையில் காட்டுங்கள். உடம்பில் கோளாறு இல்லையென்றால் உளநலப் பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். கைகலப்பாக மாறினால் காத்திருக்க வேண்டாம்: உங்களுக்குப் பெண்கள் உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்குச் சிறுவர் உதவி இலக்கம் 1929.