பெயர் தெரியாத சிவப்புச் சுவர்

வணக்கம் சார்,

அமெரிக்கப் பாலைநிலப் பூங்காக்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, மே மாத லாங் வீக்கெண்டில் நானும் கணவரும் லாஸ் வேகாஸ் பறந்து, அங்கே கார் வாடகைக்கு எடுத்துக் கிளம்பினோம். நான்கு நாள்: ஸயான், பிரைஸ் கேன்யன், பேஜ், கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு. உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். இரண்டாம் நாளுக்கு மேல் எல்லாமே சிவப்புக் கல். பிரைஸில் விடியற்காலையில் விளிம்பில் நின்றவள் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டேன். பேஜில் ஆன்டிலோப் கேன்யன் டூருக்கு நேரமாகிவிட்டது என்று அவருக்குக் கோபம். இரண்டரை மணி நேரம் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. போய் நின்றால், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்கிறார்கள்! சங்கப் பாடல்களில் காதலனோடு பாலை வழியே கிளம்பிப் போவார்களே, அந்த ‘உடன்போக்கு’ என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டு போனேன் வேறு. உங்களுக்கு மட்டும் அங்கே அப்படி என்ன தெரிந்தது?

வழியில் எடுத்த ஒரு படத்தை இணைத்திருக்கிறேன். கலங்கல்தான். எந்த இடம் என்று இருவருக்குமே தெரியவில்லை.

ச., டாலஸ்

அன்புள்ள ச.,

முதலில் அந்த ஒரு மணி நேரம். அதில் உங்கள் கணவர் மேல் தப்பில்லை. கோடையில் ஸயானும் பிரைஸும் இருக்கும் யூட்டா மாநிலம் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கும், பேஜ் இருக்கும் அரிசோனா தள்ளாது. பேஜுக்குச் சற்று முன்புதான் எல்லை. அரிசோனாவுக்குள்ளேயே நவாஹோ பழங்குடியினரின் நிலத்தில் தள்ளி வைப்பார்கள், அதன் நடுவே இருக்கும் ஹோப்பி பழங்குடியினரின் நிலத்தில் மாட்டார்கள். பேஜ் பக்கம் டூர் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் அரிசோனா நேரத்தையே பின்பற்றுவார்கள். அந்த வட்டாரத்துப் பெட்ரோல் பங்குகளில் தம்பதிகளின் நலன் கருதி யாராவது இதை எழுதி ஒட்டலாம்.

உடன்போக்கு விஷயத்தில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம். பாலையில் அந்தக் காதலர்கள் நடந்து போனார்கள். திங்கட்கிழமை காலை மீட்டிங்கும் இல்லை.

நானும் மனைவியும் முதல் முறை போனதும் உங்களைப் போலத்தான். வண்டியை நிறுத்து, எட்டிப் பார், படம் எடு, ஏறு. ஸயானில் ‘அழும் பாறை’ என்று ஓர் இடம். குடைந்தாற்போன்ற பாறைக்கடியில் நின்றால் தலைக்கு மேலிருந்து தண்ணீர் சொட்டும், இடுக்கெல்லாம் பெரணிச் செடி. மனைவி உள்ளங்கையில் பிடித்து முகம் கழுவிவிட்டு, பிறகுதான் அங்கிருந்த பலகையைப் படித்தாள். மேலே விழுந்த மழை நவாஹோ எனப்படும் மணற்கல் அடுக்குக்குள் ஊறி இறங்கி, அடியில் இருக்கும் கெட்டியான கயென்டா அடுக்கில் முட்டி, இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் கசிகிறதாம். உள்ளே போனது வெளியே வர சுமார் 1200 ஆண்டுகள். “இவ்வளவு பழைய தண்ணியில முகம் கழுவுனா பாவமா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அன்று மாலை இருவரும் அடுத்த ஊருக்குக் கிளம்பவில்லை. கட்டிய ஹோட்டல் பணம் போனது.

அந்த மாலையில்தான் ஒரு விஷயம் புரிந்தது. நீங்கள் பார்த்த மூன்று பூங்காக்களும் தனித்தனி இடங்கள் அல்ல, ஒரே படிக்கட்டு. கிராண்ட் கேன்யனின் உச்சியில் இருக்கும் கல் அடுக்கு ஸயானில் அடித்தளம். ஸயானின் உச்சி அடுக்கு பிரைஸில் அடித்தளம். கிராண்ட் கேன்யனின் அடியில் ஆற்றோரமாகக் கறுத்துக் கிடக்கும் பாறைக்கு வயது சுமார் 170 கோடி ஆண்டுகள், விளிம்பில் நீங்கள் நின்ற கல்லுக்கு 27 கோடி. ஸயானின் செங்குத்துச் சுவர்கள் சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் மணல்மேடுகளாக இருந்தவை. சுவரில் சாய்ந்த கோடுகள் பார்த்திருப்பீர்கள், அவை காற்று மணலைக் கொட்டிய சரிவுகள். பிரைஸின் கல் ஏரியடிச் சேறு, வயது 5 கோடி சொச்சம், நேற்றுப் பிறந்த பிள்ளை.

பிரைஸ் உண்மையில் கேன்யனே இல்லை, அதை ஆறு எதுவும் அறுக்கவில்லை. பகலில் உருகும் பனி விரிசலுக்குள் இறங்குகிறது, இரவில் உறைந்து விரிகிறது. ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்கள் இப்படியே உறைந்தும் உருகியும் கல்லைப் பிளந்து பிளந்து அங்கே நீங்கள் பார்த்த கல் தூண்களை நிறுத்தியிருக்கிறது. மே மாதத்திலும் விடியலில் அங்கே பல்லைக் கிட்டும் குளிர். அந்தக் குளிரில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டேன் என்று நீங்களே எழுதிவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்றும் எழுதுகிறீர்கள். இரண்டில் முதலாவதை நம்புகிறேன்.

அடுத்த முறை ஸயானையோ பிரைஸையோ ஒன்றை விட்டுவிடுங்கள், வழியில் இருக்கும் கானாப் என்ற ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். நடுப்பகலில் எங்கும் போகாதீர்கள், அந்த வெயிலில் எல்லாம் நிஜமாகவே ஒரே சிவப்புக் கல்தான். கிராண்ட் கேன்யனில் விளிம்போடு திரும்பாமல் சவுத் கைபாப் பாதையில் ஒன்றரை கிலோமீட்டராவது இறங்கிப் பாருங்கள். முதல் கால் மணியிலேயே கூட்டம் பாதியாகிவிடும். ஏறி வர இரண்டு மடங்கு நேரம் ஆகும், அந்தப் பாதையில் சொட்டுத் தண்ணீர் கிடைக்காது, கையில் கொண்டு போங்கள்.

உங்கள் படம். பிரைஸிலிருந்து பேஜுக்கு 89ஆம் எண் சாலையில் வந்திருப்பீர்கள். அந்தச் சாலை படிக்கட்டில் இறங்குகிறது: பிரைஸில் இளஞ்சிவப்பு, அதன் கீழ் சாம்பல், ஸயான் பக்கம் வெள்ளை, கானாப் வந்தால் குங்குமச் சிவப்பு. கானாபைத் தாண்டிக் கிழக்கே திரும்பியதும் அந்தச் சிவப்புச் சுவர் நெடுந்தூரம் இடப்பக்கமாகவே கூட வரும். உங்கள் படத்தில் இருப்பது அதுதான். ஓட்டுகிறவர் பக்கத்து ஜன்னல் என்பதால் படத்தின் ஓரத்தில் ஸ்டியரிங்கும் அவர் கையும் விழுந்திருக்கின்றன. பேசாமல் வந்த அந்த இரண்டரை மணி நேரத்தில் எடுத்த படம். அவரிடம் காட்டினீர்களா?