பன்றி நெல்லும் பாலைப்பழமும்: அன்றாட வாழ்வில் விசுவாசம் பற்றிய கேள்வி பதில்

அன்றாட வேலைகளுக்குள் கடவுள் சொல்வதை எப்படிக் கேட்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் குருவானவர் அல்ல. கிளிநொச்சிப் பக்கம் ஒரு பங்கில் முப்பது வருடத்துக்கு மேலாக மறைக்கல்வி படிப்பிக்கிறேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் இரண்டு ஏக்கர் வயல் செய்கிறேன். இந்த இரண்டு வேலையிலும் கற்றதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன். பெயர்களைப் போடவில்லை.

முருங்கனிலிருந்து ஒரு விவசாயி: களையை அறுவடைவரை விட்டுவிடுங்கள் என்று இயேசுவின் உவமையில் வருகிறது. நான் அப்படி விட்டால் வயலே போய்விடும். இதை எப்படி விளங்கிக்கொள்வது?

ஐயா, வயலில் களையைப் பிடுங்குங்கள். அதில் சந்தேகமே வேண்டாம். இயேசு அங்கே கமத்தொழில் ஆலோசனை சொல்லவில்லை.

ஆனால் நீங்கள் பன்றி நெல் என்ற களையைத் தெரிந்தவர். அதனால் மத்தேயு 13 உங்களுக்கு மற்றவர்களைவிட நன்றாக விளங்கும். பன்றி நெல் முளைக்கும்போது நெல் மாதிரியேதான் இருக்கும். அதே இலை, அதே பச்சை. நாற்பது வருடம் வயல் செய்தவரும் அந்த நேரத்தில் ஏமாந்துபோவார். கதிர் வந்த பிறகுதான் நீளமான மீசையைக் கண்டு ‘அட, இதுவா’ என்போம். நாங்கள் அரிவு வெட்ட முன்னமே அது மணியைக் கொட்டிவிடும். அடுத்த போகத்துக்கான விதை அப்படியே நிலத்தில் கிடக்கும். உவமையில் வரும் களையும் இதே வகைதான். கோதுமைக்குள் கோதுமைபோலவே வளரும் ஒரு புல். பயிர் கதிர்விட்டபோதுதான் களையும் தெரிந்தது என்று நற்செய்தியில் அப்படியே இருக்கிறது.

இயேசுவே பிறகு விளக்கமும் சொல்கிறார். வயல் என்பது உலகம், அரிவு வெட்டுகிறவர்கள் வானதூதர்கள். அந்த அரிவாள் உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை.

எங்கள் பங்கில் ஒரு பொடியன் இருந்தான். குடி, சண்டை, பூசைக்கு வருவதே இல்லை. அவனை நான் மனதுக்குள் பன்றி நெல் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். 2018 மார்கழியில் குளத்து வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்ததே, அந்த இரவு நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி எங்கள் ஒழுங்கையில் இருந்த வயதானவர்களை ஒவ்வொருவராகத் தூக்கி வந்தவன் அவன்தான். என் மனைவியின் தாயாரையும் அவன்தான் தோளில் சுமந்து வந்தான். அவன் அன்றைக்குத்தான் மாறினானா, முதலிலிருந்தே நல்ல நெல்தானா? எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாத நான்தான் அவனைப் பிடுங்கி எறியப் பார்த்தேன்.

வவுனியாவிலிருந்து ஒரு மாணவி: ஒவ்வொரு நாளும் நடந்ததிலிருந்து ஒரு ஆன்மிகப் பாடம் கொப்பியில் எழுதுகிறேன். பஸ் பிந்தினால் பொறுமை, மழை பெய்தால் ஆசீர்வாதம் என்று. எனக்கே செயற்கையாகத் தெரிகிறது. விடலாமா?

கொப்பியை விடவேண்டாம் மகள். ஆனால் பாடம் எழுதுவதைக் கொஞ்ச நாளைக்கு விடுங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

பஸ் பிந்தினால் பொறுமை என்பது நீங்கள் பஸ்ஸைப் பார்க்க முன்னமே மனதில் இருந்த பாடம். பஸ்ஸுக்கு அதில் வேலையே இல்லை. பஸ் பிந்திய அந்த அரை மணித்தியாலத்தில் தரிப்பிடத்தில் யார் நின்றார்கள்? கைக்குழந்தையோடு வந்தவருக்கு யார் இடம் விட்டார்கள்? நீங்கள் விட்டீர்களா? அதை எழுதுங்கள்.

இயேசு பேசத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்று லூக்கா எழுதுகிறார். அதுவரை நாசரேத்தில் தச்சு வேலை. அந்த வருடங்களில் அவர் எவ்வளவு பார்த்திருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் புளித்த மாவை மூன்று மரக்கால் மாவுக்குள் கலந்து வைக்கிறாள் என்று சொல்கிறார். மூன்று மரக்கால் ஒரு வீட்டுக்கான அளவு அல்ல, ஊருக்கே போதுமான அளவு. அந்த அளவைக்கூட அவர் மறக்கவில்லை. எங்கள் அம்மா அப்பத்துக்கு மா கரைக்கும்போது ஒரு சிரட்டை பனங்கள்ளு விடுவார். இரவு படுக்கும்போது சட்டியில் பாதிதான் இருக்கும், விடியப் பார்த்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அதை எத்தனையோ தடவை பார்த்த பிறகுதான் அந்த உவமை எனக்குச் சுவைத்தது. பார்ப்பதற்கு நாள் எடுக்கும். அவசரப்பட வேண்டாம்.

பரந்தனிலிருந்து ஒரு தாய்: விடிய நாலு மணிக்கு எழும்பினால் இரவு பத்து மணிவரை வேலை. செபிக்க நேரமே இல்லை. சமைத்துக்கொண்டே செபித்தால் போதுமா?

போதும் அக்கா. அவிலாவின் புனித தெரேசம்மாள் (1515–1582) மடம் மடமாக நடத்தியவர். சமையலறையில் வேலை இருந்தால் அங்கே சட்டி பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று தன் சகோதரிகளுக்கு எழுதினார்.

ஆனால் புட்டு அவிக்கும்போது புட்டைப் பாருங்கள். மாவுக்குச் சுடுதண்ணீர் கூடினால் கட்டியாகிவிடும், குறைந்தால் உதிர்ந்துவிடும் என்று கை பார்த்துப் பார்த்துக் குழைக்கிறீர்களே, பிள்ளைகளுக்காக அந்தக் கவனத்தோடு செய்வதே செபம்தான். அதற்குமேல் வாய் தனியாக ஒன்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று சொல்கிறேன். படுக்கப் போகும்போது மூன்று நிமிடம் எடுங்கள். காலையிலிருந்து நடந்ததை ஒழுங்காக நினைத்துப் பார்த்து, எதற்கு நன்றி, எங்கே பிழை விட்டேன், நாளைக்கு என்ன உதவி வேண்டும் என்று ஆண்டவரிடம் கேளுங்கள். லொயோலா புனித இஞ்ஞாசியார் கற்றுத்தந்த முறை இது. இயேசு சபையினர் நாளுக்கு இரண்டு தடவை செய்கிறார்கள். உங்களுக்கு ஒரு தடவை போதும். நித்திரை வந்துவிட்டால் கவலைப்படாதீர்கள்.

செட்டிகுளத்திலிருந்து: நான் சைவம். வருடாவருடம் ஆவணி (ஓகஸ்ட்) 15க்கு மடு மாதா கோயிலுக்குப் போகிறேன். நான் கும்பிடுவது சரியா?

தாராளமாக வாருங்கள் ஐயா. அந்தக் காட்டில் யாரையும் சமயம் கேட்டு உள்ளே விடுவதில்லை. பாம்புக்கடிக்குக் காவலாக மடு மண்ணை எடுத்துப்போகிறவர்களில் எத்தனை சைவக் குடும்பங்கள் என்று உங்களுக்கே தெரியும்.

மடு மாதாவும் இடம்பெயர்ந்தவர்தான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில் மாந்தையிலிருந்து மாதாவின் சுருவத்தை (சிலையை) தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிய குடும்பங்களால் வந்த கோயில் அது. 2008 சித்திரையில் (ஏப்ரல்) சண்டை நெருங்கியபோது சுருவம் மறுபடியும் தேவன்பிட்டிக்குப் போனது. ஆவணியில் திரும்பி வந்தது. எங்களோடு சேர்ந்து மூட்டை கட்டிய தாய் என்பதால் எனக்கு அந்த இடத்தில் வேறு ஒரு பாடமும் தேவைப்படுவதில்லை.

முல்லைத்தீவிலிருந்து ஒரு சகோதரி: என் தம்பி 2009 இல் காணாமல் போனவர். அம்மா இன்றைக்கும் அவருடைய சட்டையைத் தோய்த்து மடித்து வைக்கிறார். ‘இதிலும் கடவுள் ஒரு பாடம் வைத்திருக்கிறார்’ என்று ஒருவர் வீட்டுக்கு வந்து சொன்னார். அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அவர் சொன்னது சரியா?

சரியில்லை தங்கச்சி. அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. நற்செய்தியும் அவருக்குத் துணை நிற்காது.

லூக்கா 13 ஐ எடுத்துப் பாருங்கள். சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததை இயேசுவே எடுத்துச் சொல்கிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படி அல்ல என்று இயேசு சொன்னார். செத்தவர்கள்மேல் அவர் எந்தப் பாடத்தையும் ஏற்றவில்லை. கேட்டுக்கொண்டு நின்றவர்களைப் பார்த்துத்தான் மனம் மாறுங்கள் என்றார். செத்துப்போன நண்பர் லாசரின் கல்லறைக்கு அவர் போனதும் நினைவிருக்கும். அவரை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் அழுதார்.

நானும் இந்தப் பிழையைச் செய்தவன். செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் கூடாரத்துக்குள் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனுக்கு, பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையை வேதாகமத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். அவர் எழும்பி வெளியே போய்விட்டார். அந்தக் கூடாரத்தின் வாசல் சேலையை அவர் விலக்கிய விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு நிலத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் அதே புத்தகம்தான் சொல்கிறது. நான் அந்தப் பகுதியைத் தாண்டிப் போயிருந்தேன்.

2017 மாசி (பெப்ரவரி) 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். வெயிலிலும் மழையிலும் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அந்த வழியால் போய்வந்த பிறகுதான் லூக்கா 18 இல் நடுவரிடம் நீதி கேட்டு விடாமல் போய்க்கொண்டிருந்த கைம்பெண் எனக்கு விளங்கினார். பாடம் எனக்குத்தான், அந்தத் தாய்மாருக்கு அல்ல. அவர்களுக்குத் தேவையானது பதில்.

அம்மா சட்டையை மடிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து சட்டையின் மற்றக் கையைப் பிடித்து மடித்துக் கொடுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து: நகைகளைப் பேணியில் போட்டுக் கிணற்றடியில் புதைத்துவிட்டு ஓடினோம். திரும்பி வந்து தோண்டினால் இல்லை. நிலத்தில் மறைந்த புதையல் உவமை பூசையில் வாசிக்கப்படும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. பாவமா?

பாவம் இல்லை அண்ணை. உங்கள் கேள்வி என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது.

அந்த உவமையில் ஒருவர் புதையலைக் கண்டு, மகிழ்ச்சியோடு எல்லாவற்றையும் விற்று அந்த நிலத்தை வாங்குகிறார். நாங்கள் கண்டெடுத்தவரைப் பற்றியே பேசுகிறோம். புதைத்தவர் யார்? அந்த நாட்டிலும் படை வந்தால் பொருளை மண்ணில் புதைத்துவிட்டு ஓடுவது வழக்கம். திரும்பி வராதவரின் பொருள்தான் மற்றவருக்குப் புதையல். அந்த மனிதரைப் பற்றி நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை, படிப்பித்ததும் இல்லை. நீங்கள்தான் அவரைக் காட்டினீர்கள். இந்த வாசகம் அடுத்த முறை வரும்போது அவருக்காகச் செபியுங்கள். நானும் செபிப்பேன்.

வட்டக்கச்சியிலிருந்து ஒரு விவசாயி: சிறுபோகத்தில் தண்ணீர் முறை எனக்கு இல்லாத இரவு வாய்க்காலை வெட்டி என் வயலுக்குத் திருப்பினேன். இரண்டு தடவைதான். இதெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய விஷயமா?

ஆம். களவுதான். கடைசி வாய்க்கால்காரருக்கு அந்த இரண்டு இரவும் தண்ணீர் போயிருக்காது. குருவானவரிடம் சொல்லுங்கள், பிறகு அந்தக் கடைசி வாய்க்கால்காரரிடமும் போய்ச் சொல்லுங்கள். நற்செய்தியில் வரும் வரிதண்டுபவன் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். நீங்கள் அடுத்த முறை உங்கள் தண்ணீரில் ஒரு இரவை அவருக்கு விட்டுக்கொடுங்கள்.

மாங்குளத்திலிருந்து ஒரு இளம் மறையாசிரியர்: உவமைகளைச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். எப்படிப் படிப்பிப்பது?

தம்பி, வகுப்பை வெளியே கொண்டுபோங்கள். நான் ஆவணி, புரட்டாசியில் பிள்ளைகளோடு பனங்கொட்டை பொறுக்கிக் கோயில் வளவில் பாத்தி போடுவேன். மண்ணைக் கூட்டி, கொட்டைகளை அடுக்கி, மேலே மூடிவிட்டால் அவ்வளவுதான். கிழமைக் கிழமை வந்து பார்ப்பார்கள். மேலே ஒன்றும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழை எல்லாம் பெய்து முடிந்து, தையில் பனங்கிழங்கு கிண்டுவோம்.

ஒரு வருடம் கோதுமை மணி மண்ணில் விழுந்து மடியும் பகுதியை (யோவான் 12) விளக்கக் குறிப்பு எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஒரு பொடியன் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு, “சேர், இது ஏன் மேலே வராமல் முதலில் கீழே போகுது?” என்றான். நான் வாய் திறக்க முன்னம் பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளை, “பிறகு காத்துக்கு விழாமல் நிக்கத்தான்” என்றாள். குறிப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். கிழங்கை அவித்து மிளகும் உப்பும் போட்டு எல்லோரும் சாப்பிட்டோம். அவர்களில் ஒருத்தி இப்போது எங்கள் பங்கில் மறையாசிரியை. இன்றைக்கும் பாத்தி போடுகிறாள்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு சிறுவன், வயது 11: அப்பாவோடு காட்டுக்குப் போய் பாலைப்பழம் சாப்பிட்டேன். ஞாயிறு வகுப்பில் இயற்கையில் கண்ட பாடம் எழுதச் சொன்னார்கள். எனக்கு ஒரு பாடமும் வரவில்லை. பழம் நல்ல இனிப்பு, அவ்வளவுதான். பிழையா?

பிழையே இல்லை மகன். அதையே எழுது. பழம் நல்ல இனிப்பு, பால் உதட்டில் ஒட்டியது, அப்பா கொப்பை வளைத்துத் தந்தார் என்று எழுது. தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் கடவுளும் மரங்களையும் செடிகளையும் படைத்துவிட்டு, நல்லது என்று கண்டார். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

ஆடி முடிய முன்னம் அப்பாவிடம் இன்னொரு முறை கூட்டிப்போகக் கேள். தனியாகப் போகாதே. கரடிக்கும் பாலைப்பழம் என்றால் உயிர்.