எம்.எஸ்சி. வேதியியல் முடித்தால் வேலைக்குத் தயாராகிவிடுவோமா?

மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் எம்.எஸ்சி. முடித்து ஒரு மருந்து கம்பெனியின் க்யூ.சி. (தரப் பரிசோதனை) லேபில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். படித்த பாடம் இன்றைக்கும் கைகொடுக்கிறது. பிராக்டிகலில் பழகியதை மறக்கத்தான் ஒரு வருடம் ஆனது.

சேர்ந்த மூன்றாவது வாரம், ஸ்டாண்டர்டை, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் தூய மருந்தை, எடை போட்டு 50.12 மி.கி. என்பதை 50.21 என்று எழுதிவிட்டேன். உடனே கவனித்து, எண்ணின் மேலேயே திருத்தினேன். மாலையில் சீனியர் கூப்பிட்டு, "முதல்ல இங்க என்னம்மா எழுதியிருந்தீங்க?" என்றார். தராசின் பிரிண்ட் கூடவே இருந்தது, நான் எதையும் மறைக்கவில்லை. ஆனாலும் அப்படித் திருத்தக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து, தேதி, காரணம் மூன்றும் போட வேண்டும். கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். கருவி தரும் வரைபடத்தில் ஒரு பொருளைக் காட்டும் முகட்டை பீக் என்போம். அந்தப் பீக்கின் பரப்பை மறுபடி கணக்கிட்டால் யார், எப்போது, ஏன் என்று ஆடிட் ட்ரெயிலில் (மாற்றங்களைத் தானாகக் குறித்துக்கொள்ளும் பதிவில்) நிற்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மின்னணுப் பதிவுகளுக்காகப் போட்ட பார்ட் 11 விதி 1997-லேயே வந்துவிட்டது. ஐந்து வருடப் படிப்பில் அதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

எங்கள் கல்லூரியில் பியூரெட் ரீடிங்கைப் பென்சிலில் எழுதுவோம். பிழை 2 சதவீதத்துக்குள் இருந்தால் முழு மார்க். அதனால் வர வேண்டிய விடையை எப்படியாவது தெரிந்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதுவோம். வகுப்பே செய்தது, நானும் செய்தேன். லேபில் அதைச் செய்தால் வேலை போய்விடும். போகத்தான் வேண்டும், அந்த மாத்திரையை யாரோ ஒருவர் நம்பி விழுங்கப் போகிறார்.

பேராசிரியர்களைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கலவையில் உள்ளதைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஆராய்ச்சி மாணவர்களுக்கே முறை வராது. சேரும் முன் அந்தக் கல்லூரி சீனியரிடம், நீங்களே சாம்பிள் போட்டு ஓட்டினீர்களா என்று கேட்டுவிடுங்கள். எம்.எஸ்சி. வீண் என்றும் நான் சொல்லவில்லை. நாள்பட மருந்து கெடுகிறதா என்று பார்க்க 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருந்த மாத்திரையில் ஒருமுறை புதிதாக ஒரு பீக் வந்தது. மருந்தின் அமைப்பைப் பார்த்ததும் அதிலுள்ள எஸ்டர் பிணைப்பு உடைகிறது என்று எனக்குத் தோன்றியது. மருந்தைத் தனியே எடுத்துக் காரம் சேர்த்துச் சூடாக்கினோம். அதைக் கருவியில் ஓட்டினால் அதே நிமிடத்தில் அதே பீக். ஆர்கானிக் எடுத்த மேடம் கரும்பலகையில் எலக்ட்ரான் எங்கே நகர்கிறது என்று அம்புக்குறி போட்டுப் போட்டுப் பழக்கியது அது. அன்றைக்கே அவருக்குப் போன் செய்து சொன்னேன்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு முன் ஒரு தனியார் கல்லூரியில் பத்து மாதம் பாடம் எடுத்தேன். சேரும்போது ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது மூன்று மாதச் சம்பளம் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அம்மா வளையலை அடகு வைத்துக் கட்டினோம், ரசீதுகூடத் தரவில்லை. நான் படித்து வாங்கிய மார்க் ஷீட்டைப் பிணையாகப் பிடித்துவைக்க இவர்கள் யார்? நீங்கள் எங்கே சேர்ந்தாலும் ஒரிஜினலைக் காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரிஜினலை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.