விண்ணக வாசல் ஜோக்குக்குச் சிரித்தது பாவமா?

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஜோக் வந்தது. ஒரு பங்குச் சாமியாரும் பஸ் டிரைவரும் ஒரே நாளில் இறந்து விண்ணக வாசலுக்குப் போகிறார்கள். பேதுரு டிரைவருக்கு மாளிகையும் சாமியாருக்குச் சின்ன அறையும் கொடுக்கிறார். சாமியார் சண்டைக்குப் போக, "நீங்கள் பிரசங்கம் வைத்தபோது எல்லாரும் தூங்கினார்கள், இவர் வண்டி ஓட்டினபோது எல்லாரும் செபித்தார்கள்" என்கிறார் பேதுரு. நான் சிரிக்கிற எமோஜி போட்டேன். அண்ணி உடனே போன் செய்து, "இது தேவதூஷணம், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பாவமாகச் சொல்லிவிடு" என்கிறார். சொல்ல வேண்டுமா?

பதில்: வேண்டாம். சொன்னால் சாமியாரும் சிரித்துவிடுவார், அவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஜோக்காகத்தான் இருக்கும். நம்மில் பல பேர் இதை முதலில் கேட்டதே பிரசங்கத்தில்தான்.

தேவதூஷணம் என்பது என்ன என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2148ஆம் பத்தியில் சொல்கிறது. கடவுளுக்கு எதிராக வெறுப்பும் பழியும் சவாலுமாகப் பேசுவது, வாய்விட்டுச் சொன்னாலும் சரி, மனதுக்குள் சொன்னாலும் சரி. திருச்சபையை, புனிதர்களை, புனிதப் பொருட்களை அப்படிப் பேசுவதும் அதில் சேரும். உங்கள் ஜோக்கில் அடி வாங்குவது யார்? இழுத்து இழுத்துப் பிரசங்கம் வைக்கிறவரும், அதைக் கேட்டுக்கொண்டே கண்ணயர்கிற நாமும்தானே.

2024 ஜூனில் திருத்தந்தை பிரான்சிஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானுக்கு அழைத்துப் பேசினார். கடவுளை வைத்துக்கூடச் சிரிக்கலாம், நாம் நேசிக்கிறவர்களோடு விளையாடுவது போல. அது தூஷணம் ஆகாது என்றார். கூடவே, நம்புகிறவர்களின் மனதைப் புண்படுத்தாமல் என்றும் சேர்த்துக்கொண்டார். 13ஆம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் இன்னும் ஒரு படி மேலே போய், தானும் சிரிக்காமல் மற்றவரையும் சிரிக்கவிடாமல் உம்மென்று இருப்பதே ஒரு குறை என்று எழுதிவிட்டார். (இதை அண்ணிக்கு ஃபார்வர்ட் செய்துவிடாதீர்கள், வீட்டில் சண்டை வரும்.) ஆனால் ஆள், இடம், நேரம் மூன்றும் பொருந்த வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான்.

இந்தப் பொருத்தத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரு இளையோர் முகாமில், கடைசி நாள் கலைநிகழ்ச்சியில், ஒரு பையன் போர்வையைச் சுற்றிக்கொண்டு மேடையேறி, பிஸ்கட் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, திருப்பலியில் அப்பத்தை நற்கருணையாக, அதாவது இயேசுவின் உடலாக, மாற்றக் குரு சொல்லும் வசீகர வார்த்தைகளை மூக்கால் பேசிக் காட்டினான். அரங்கமே சிரித்தது, ஒரு நொடி நானும்தான். அப்புறம் பார்த்தால் முன்வரிசையில் ஒரு வயதான அம்மா குனிந்தபடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் நற்கருணை ஆகிவிடாது, சரி. ஆனாலும் கேலிக்கு ஆளானது பூசையின் நடுப்பகுதியே அல்லவா? திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருட்சாதனங்களையும் வழிபாட்டுச் செயல்களையும் இழிவுபடுத்துவது கனமான பாவம், அதுவும் குறிப்பாக நற்கருணைக்கு எதிராகச் செய்யும்போது என்கிறது அதே மறைக்கல்வி நூலின் 2120ஆம் பத்தி. அந்தப் பையனுக்கு வெறுப்பு ஒன்றும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கைதட்டல் வாங்க வேண்டும், அவ்வளவுதான். முழு அறிவும் முழுச் சம்மதமும் இல்லாமல் சாவான பாவம், அதாவது ஆன்மாவையே சாகடிக்கும் பெரும் பாவம், ஆவதில்லை என்பதால் அவன் தலையில் நான் அதைக் கட்டமாட்டேன். ஆனால் ஒத்திகை பார்த்த பெரியவர்கள் தடுத்திருக்க வேண்டும்.

புனிதர்களே ஜோக் அடித்திருக்கிறார்களே என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். அடித்திருக்கிறார்கள். 1535இல் தலை வெட்டப்படப் போன இங்கிலாந்துப் புனிதர் தாமஸ் மூர், ஆட்டம் கண்ட மேடையில் ஏறும்போது, ஏறுவதற்குக் கை கொடுங்கள், இறங்குவதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். ஆனால் அவர் சிரித்தது தன் சாவைப் பார்த்து, அடுத்தவர் புனிதமாக நினைப்பதைப் பார்த்து அல்ல.

கேள்வி: கடவுள் சொன்னதைக் கேட்டு பைபிளில் யாராவது சிரித்திருக்கிறார்களா?

பதில்: ஆபிரகாம் சிரித்தார், முகங்குப்புற விழுந்து. நூறு வயதில் பிள்ளையா என்று. அப்புறம் அவர் மனைவி சாராவும் அதைக் கேட்டுக் கூடாரத்துக்குள் இருந்து தனக்குள் சிரித்தார். ஏன் சிரித்தாள் என்று கடவுள் கேட்டதும் பயந்துபோய் "நான் சிரிக்கவில்லை" என்றார். "இல்லை, நீ சிரித்தாய்" என்று பதில் வந்தது, விஷயம் அதோடு முடிந்தது, தண்டனை எதுவும் இல்லை. பிறந்த பிள்ளைக்கு ஈசாக்கு என்று பெயர். 'அவன் சிரிக்கிறான்' என்று பொருள்.